நன்றி எழுதச் சொன்ன ஆறு வாரங்கள்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டு, இடையிடையே சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையாக வரப்போகிறவரும் அதே போல, சண்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. உன் சளி விட்டதா? போனில் உன் குரல் அடைத்துக் கிடந்தது என்று அம்மா மூன்று நாளாகப் புலம்புகிறாள். ஆறின தண்ணீரைக் குடிக்காதே. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. இதையெல்லாம் நான் சொல்லவில்லை, அம்மா எழுதச் சொன்னாள், ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறாள்.

போனிலேயே சொல்லிவிடலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வருகிறது, சொல்ல வந்தது பின்னால் நின்றுவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதுதானே நடந்தது. கல்யாணப் பதிவுக்கு நெட்டை மாமாவையும் கூப்பிடப் போகிறேன் என்று நீ சொன்னாய். அவன் வந்தால் நான் வர மாட்டேன் என்று நான் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். மறுநாள் உன்னிடமிருந்து நாலு வரி வந்தது. "அப்பா, வாரம் ஒரு தடவையா ஆறு வாரம் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்க. நேரம் வாங்கி வச்சிருக்கேன். அதுக்கப்புறம் மாமாவைக் கூப்பிடறதா வேண்டாமான்னு நீங்க சொல்றதுதான் முடிவு. நான் மறுபேச்சு பேச மாட்டேன்." அந்த ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஆகவே நீ கேட்ட பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும். புரட்டாதே. நான் வந்த வழியிலேயே நீயும் வா.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பைத்தியம் என்று நீ நினைக்கவில்லை என்பது தெரியும், ஆனால் அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போகிற வரைக்கும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் அறை இரண்டாவது மாடியில். நான் படியேறித்தான் போனேன். அங்கே இருக்கிற லிஃப்ட் கதவு மூடும்போது தேய்ந்த உருளையின் சத்தம் வருகிறது, அதில் நான் ஏற மாட்டேன். வாசலில் இருந்தவரிடம் சொன்னேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டோக்கன் கொடுத்தார். அறையில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேஜை, அதன் மேல் மூக்குத் துடைக்கிற காகிதப் பெட்டி. அழ வைக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆலோசகர் ஒரு பெண், உன்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் டாக்டரம்மா என்று கூப்பிட்டேன். நான் டாக்டர் இல்லை ஐயா என்றார். எனக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, டாக்டரம்மாவிலேயே நின்றுவிட்டேன்.

தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, கோபம் அடிக்கடி வருகிறதா என்று கேட்டார். கோபம் வருவதில்லை, போவதே இல்லை என்றேன். அவர் சிரித்தார். அது வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நோட்டை எடுத்து நீட்டி, தினமும் சாயங்காலம் அன்றைக்கு நல்லதாக நடந்த மூன்று விஷயத்தை இதில் எழுதுங்கள், நன்றியோடு நினைத்துப் பார்ப்பது மனசுக்கு ஒரு பயிற்சி என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எட்டு மாசமா வயிறு எரிஞ்சு உட்கார்ந்திருக்கேன், என்னை நன்றி எழுதச் சொல்றீங்களா? யாருக்கு எழுதணும்? திருட்டுப் பட்டம் கட்டாத குறையா வெளியே தள்ளினானே அந்த மேனேஜருக்கா?" என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், முடிந்தது, ஒரு வாரமே போதும் என்றேன். அவள் சட்டையை வாங்கி மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அந்த ஆலோசகரே போன் செய்தார். "ஐயா, நேத்து நான் அவசரப்பட்டுட்டேன். உங்களுக்கு என்ன நடந்ததுன்னு முழுசா கேக்காம பயிற்சியைக் கையில கொடுத்தது என் தப்பு. அடுத்த வாரம் வாங்க, நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்" என்றார். மகளே, முப்பத்து மூன்று வருஷம் அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் நாலு லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டேன். ஆறு மேனேஜர்கள் மாறினார்கள். ஒருவர் வாயிலிருந்தும் "என் தப்பு" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டாவது வாரம் போனேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் எனக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சான்றிதழ் எதுவும் இல்லை, மோட்டாரைப் பிரித்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவன், பழைய புத்தகக் கடைக்காரரிடம் வாங்கிப் படித்தே நாலு வரி எழுதவும் கற்றுக்கொண்டவன். மூன்றாம் நம்பர் லிஃப்ட்டின் பிரேக் தேய்ந்துவிட்டது என்று பராமரிப்புப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதினேன். மாற்றித் தரவில்லை. ஒரு நாள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஐந்து பேரோடு அது நின்றுவிட்டது. ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு அம்மாள் மயங்கி விழுந்துவிட்டார். விசாரணை வந்தபோது புத்தகத்தில் நான் எழுதின பக்கங்களைக் காணவில்லை. அந்த மாதச் சோதனையை இவர் செய்யவே இல்லை, நான் பார்த்தேன் என்று ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும் இருந்தது. கையெழுத்து நெட்டையுடையது. என்னோடு இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவன், நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன், உன் மேஜை விளக்குக்கு ஒயர் மாற்றிக் கொடுத்தவன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் போதவில்லை, மூன்றாவது வாரத்திலும் பாதி போயிற்று. அவர் எழுதிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட விட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை. முடித்ததும், "நடந்தது அநியாயம்னா அநியாயம்தான் ஐயா. நன்றிங்கறது கோபத்து மேல அடிக்கற பெயின்ட் இல்ல" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. துருவைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இந்தப் பயிற்சி எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் ஒத்துவராது, முயன்று பாருங்கள், ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். வற்புறுத்தியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. அம்மா உன்னிடம் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் கேள். எங்கள் தொழிலில் புத்தகத்தில் எழுதுவது கோளாறைத்தான். எல்லாம் சரியாக ஓடினால் அன்றைய கட்டத்தில் "கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதற்கு மேல் பாராட்டு என்று ஒன்று எங்கள் புத்தகத்தில் கிடையாது. நான் முப்பத்து மூன்று வருஷம் எழுதின கை அதைத்தானே எழுதும்? முதல் நாள் எழுதினேன்: டீ, கோளாறு இல்லை. குளியலறைக் குழாய், கோளாறு இல்லை. மனைவி, கோளாறு இல்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் அம்மா மேஜையைத் துடைக்க வந்தவள் நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். "முப்பத்தி நாலு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினதுக்கு எனக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டா? அதுவும் டீக்கும் குழாய்க்கும் அடுத்ததா?" என்று ஆரம்பித்தாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வார்த்தையை நம்பி ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பேர் உயிரை வைத்து ஏறி இறங்கினார்கள், அதை விடப் பெரிய வார்த்தை என்னிடம் இல்லை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. இரண்டு நாள் வீட்டில் "சாப்பாடு வச்சிருக்கு", "கதவைச் சாத்துங்க" இந்த இரண்டு வாக்கியம் மட்டும்தான்.

நாலாவது வாரம் நோட்டை ஆலோசகரிடம் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, "சரி ஐயா, உங்க கணக்குலயே வருவோம். ஒரு லிஃப்ட் கோளாறு இல்லாம ஓடுதுன்னா அது தானாவா ஓடுது?" என்றார். எப்படி ஓடும், யாரோ எண்ணெய் போட்டிருக்க வேண்டும், கயிறு பார்த்திருக்க வேண்டும் என்றேன். "அந்த யாரோவையும் சேர்த்து எழுதுங்க. கோளாறு இல்லைன்னு எழுதிட்டு, அதுக்குக் கீழ யாரால, என்ன செஞ்சதாலன்னு ஒரு வரி" என்றார். இது எனக்குப் புரிகிற பாஷை. அன்று சாயங்காலம் குளியலறைக் குழாயிலிருந்து ஆரம்பித்தேன். போன வருஷம் சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது. நான் சரி செய்யவில்லை. பின்னே யார்? அம்மாவிடம் கேட்டேன். "நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. பக்கெட் நிரம்பி வழிஞ்சுது. நானே கடையில போய் வாஷர் வாங்கிட்டு வந்து போட்டேன்" என்றாள். மகளே, நான் ஒரு மெக்கானிக், என் வீட்டுக் குழாய்க்கு என் மனைவி வாஷர் மாற்றியிருக்கிறாள், எட்டு மாதமாக அதில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தேன். தலைகீழாகப் போட்டிருந்தாள். ஆனாலும் சொட்டவில்லை. அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன், தலைகீழாகவே. நோட்டில் எழுதி அவளிடம் காட்டினேன். வாஷர் தலைகீழ் என்பதையும் எழுதியிருந்தேன், பொய் எழுத மாட்டேன். படித்துவிட்டு அவள், "போங்க, உங்க நோட்டும் நீங்களும்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு டீ இரண்டு தடவை வந்தது.

அதற்குப் பிறகு எழுத எழுத ஒன்று தட்டுப்பட்டது. கோளாறு நடந்ததைத்தான் மனுஷன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான். நடக்காமல் போனதை எவனும் வைத்துக்கொள்வதில்லை. நீயும் அதில் வருகிறாய். என்னிடம் கோபித்துக்கொண்டு போனை வைத்தாயே, அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறாய். நாலு வருஷமாக ஒரு ஞாயிறு விட்டதில்லையாம். மணி அடிக்கும், அம்மா எடுப்பாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அதை நான் கோளாறு இல்லாத கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இப்போது அதன் கீழே உன்னை எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதியதை இதில் நகல் எடுக்க மாட்டேன், வந்தால் படித்துக்கொள்.

ஐந்தாவது வாரத்துக்குத்தான் பெரிய வேலை கொடுத்தார். உங்களுக்கு நல்லது செய்த, நீங்கள் சரியாக நன்றி சொல்லாத ஒருவரை நினைத்து அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், முடிந்தால் நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள், முடியாவிட்டால் எழுதினாலே போதும் என்றார். வீட்டுக்கு வந்து பேனாவைப் பிடித்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எழுதலாமா என்றால் அவளுக்குத்தான் நான் சொல்லியிருக்கிறேனே என்று வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து "எப்போ?" என்று குரல் வந்தது. சரி, அவளுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தால், வேறு எவன் முகமும் வரவில்லை. நெட்டையின் முகம்தான் வந்தது. பேனாவை மூடி வைத்தேன். மூன்று நாள் திறக்கவில்லை.

உனக்கு இது தெரியாது, உன் அம்மாவுக்கும் முழுக்கத் தெரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் தலையிலும் காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு நெட்டையின் தோளைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தேனே, படியில் சறுக்கிவிட்டது என்று சொன்னேனே, அது படி இல்லை. லிஃப்ட் வேலையில் ஒருவன் உச்சியில் மோட்டார் அறையில் நிற்பான், ஒருவன் அடியில் குழிக்குள் இறங்குவான். நடுவில் பதினாலு மாடி. ஒருவனை ஒருவன் பார்க்க முடியாது, இன்டர்காமில் குரல் மட்டும்தான். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. கீழே இருக்கிறவன் சொன்னதை மேலே இருக்கிறவன் திருப்பிச் சொல்ல வேண்டும், மேலே சொன்னதைக் கீழே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் எதுவும் அசையக் கூடாது. அன்று நான் குழியில். குழிக்குள் இருக்கிற நிறுத்தும் சுவிட்ச் பழுது, அதையும் எழுதி வைத்திருந்தேன், மாற்றவில்லை. எண்ணெயில் கால் வழுக்கி மண்டை கம்பியில் இடித்து அப்படியே கிடந்துவிட்டேன். மேலேயிருந்து நெட்டை கூப்பிட்டிருக்கிறான், நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜருக்கு யாரோ பெரிய விருந்தாளிகள். லிஃப்ட்டைப் போடு, போடு என்று போனில் கத்தியிருக்கிறார், பிறகு பக்கத்து லிஃப்ட்டில் ஏறி நேராக மோட்டார் அறைக்கே வந்துவிட்டார். கீழே அவன் எப்போதோ வெளியே போயிருப்பான், டீக்கடையில் இருப்பான், சுவிட்சைப் போடு என்றிருக்கிறார். நெட்டை சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டான். "அண்ணன்கிட்டேயிருந்து பதில் வரல சார், போட மாட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னானாம். அவர் போன பிறகு பதினாலு மாடியும் படியில் ஓடி வந்து என்னைக் குழியிலிருந்து இழுத்துப் போட்டான். கண்ணை விழித்தால், "பதில் சொல்றதுக்கு என்னண்ணே நோவு?" என்று திட்டுகிறான். நான் பதிலுக்கு, "இங்க எண்ணெயைக் கொட்டி வச்சவன் எவன்டா?" என்று திட்டினேன். மேனேஜர் சொல்லைத் தட்டினதற்கு அவனை மூன்று நாள் வேலைக்கு வர விடவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றைய கட்டத்தில் என்ன எழுதினேன் தெரியுமா, கோளாறு இல்லை.

அவன் அன்று ஒன்றும் செய்யவில்லை. அசையாமல் நின்றான், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டிருந்தால் லிஃப்ட் என் மேலேயே இறங்கியிருக்கும். நான் உயிரோடு இருந்து உன்னைப் படிக்க வைத்து அனுப்பினதெல்லாம் அந்த அசையாமல் நின்றதிலிருந்து வந்தது. அதே மனுஷன்தான் பிறகு பொய்யில் கையெழுத்துப் போட்டான். அடுத்த முறை வருவதற்கு முன்னாலேயே ஆலோசகரிடம் போய், இவனுக்கு நன்றி சொன்னால் அவன் கையெழுத்துப் போட்டது சரி என்று ஆகிவிடும், என்னால் முடியாது என்றேன். "அப்படி ஆயிடும்னு யாரு சொன்னா?" என்றார். நானே சொல்கிறேன் என்றேன். "ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதிப் பாருங்களேன். ஒண்ணு இன்னொண்ணை அழிக்குதான்னு பார்ப்போம்" என்றார். நீ அவரிடம் முன்கூட்டியே நெட்டையைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம் வந்து கேட்டும் விட்டேன். உங்கள் மகள் நேரம் வாங்கியதோடு சரி, அவர் குரலை ஒரு தடவைதான் கேட்டேன் என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை.

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. போன ஞாயிறு அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போனேன். நீ போன் செய்தபோது நான் இல்லை என்றாளே, அப்போதுதான். மூன்றாவது மாடி, கதவைத் திறந்தது அவன் மனைவி. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது, "உள்ள வாங்கண்ணே" என்றது பாதிதான் கேட்டது. அவன் தரையில் பேப்பரை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான், நின்றதும் வழக்கம் போலத் தலை விளக்கில் இடித்தது. உட்காரு, ஒரு காகிதம் வாசிக்க வேண்டும், முடிகிற வரைக்கும் குறுக்கே பேசாதே என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் குழியில் கிடந்தபோது நீ சுவிட்சைப் போடவில்லை. அவன், "போடல" என்றான். குறுக்கே பேசாதே என்றவன் நான்தான், ஆனால் அது குறுக்கே பேசினதில்லை, பழக்கம், திருப்பிச் சொல்கிறான். மேனேஜர் நின்றுகொண்டு கத்தியும் நீ போடவில்லை. "போடல." அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். இதற்கு அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வரி, எட்டு மாதத்துக்கு முன்னால் நீ கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பொய்.

பதில் இல்லை. நானும் அடுத்த வரிக்குப் போகவில்லை. எங்கள் கட்டுப்பாடு அதுதானே. காகிதத்தைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நகம் வெட்டின பேப்பரை மடித்தான், பிரித்தான், மடித்தான். அவன் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் வந்து, நின்றும் போயிற்று. கடைசியில், "கேட்டுச்சுண்ணே" என்றான். முழுசாகச் சொல்லு என்றேன். "பொய்க் கையெழுத்து. நான்தான் போட்டேன். ரெண்டு பேரும் வெளியே போறீங்களா, ஒருத்தன் மட்டும் போறீங்களான்னு கேட்டாரு. பயந்துட்டேண்ணே" என்றான். அதற்குப் பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். மிச்சம் இரண்டு வரிதான். நீ செய்த நல்லதும் நிற்கிறது, நீ செய்த கெட்டதும் நிற்கிறது, இரண்டையும் நான் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

நாளைக்கே ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றான். என் நன்றிக்குப் பதிலாக அதைச் செய்யாதே, உனக்குத் தோன்றினால் உனக்காகச் செய் என்று சொன்னேன். இன்று வரை போகவில்லை என்றுதான் கேள்வி. போவான் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டும் இல்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். முடியாது, என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு மாடி இறங்கினவன் திரும்ப ஏறிப் போய் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்காதே. நேற்றைக்கு ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று இன்னொன்றை அழித்ததா என்று கேட்டார். இல்லை, இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஆனால் கை வலி குறைந்திருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குக் கை வலி இருந்ததே இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் நெட்டையை மன்னிக்கவில்லை. அதை நன்றாக மனசில் வைத்துக்கொள். கல்யாணத்தன்று யாராவது எங்கள் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைக்கலாம் என்று கிளம்பினால் நான் எழுந்து போய்விடுவேன். பழைய மாதிரி ஆகும் என்று நீ கனவு காணாதே. ஆனால் உனக்கு ஒரு அப்பா மிச்சம் இருந்ததற்கு அவன் காரணம். உன் கல்யாணச் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு ஒரு இடம் உண்டு. அதை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கூப்பிடு. நானும் வருகிறேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் அம்மாவை உட்கார வை, அது போதும். ரயில் டிக்கெட்டை மட்டும் தனித்தனிப் பெட்டியில் எடு, அத்தனை மணி நேரம் என்னால் முடியாது.

உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், கல்யாணமாகப் போகிறவள் என்பதால். மாப்பிள்ளை ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தால் வாயைத் திறந்து சொல்லு. சரியாக இருந்தால் பேசாமல் இருப்பது நம் வீட்டுப் பழக்கம், என்னிடமிருந்து உனக்கும் ஒட்டியிருக்கும். அந்த ஒன்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போ. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் பதில் கொடுத்து, நோய் நொடி இல்லாமல், பிள்ளை குட்டியோடு நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது. அவளுக்கு நான் எழுத வேண்டிய கடிதம் பாதியில் நிற்கிறது, ஆறு பக்கம் ஆகிவிட்டது, அதை அவளிடம் சொல்லிவிடாதே.

மறக்காமல் ஒன்று செய். நெட்டையின் அழைப்பிதழை எங்கள் கவரோடு சேர்த்து அனுப்பி, அப்பா கொடுத்துவிடட்டும் என்று விட்டுவிடாதே. தனிக் கவரில், அவன் விலாசத்துக்கு அனுப்பு. மேலே நெட்டை மாமா என்று எழுதாதே, முழுப் பெயரை எழுது. பெயரை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள். என் வாய்க்கு அது இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன்னை ஒரு நாளும் மறவாத
அப்பா